கார்க்கிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம்: சின்ன ஊர் தாங்குமா?

கார்க்வாசி:
வணக்கம். அயர்லாந்தின் தெற்கே கார்க் நகரத்தில் பதினோரு வருஷமா இருக்கேன். ஆஸ்பத்திரியில் வேலை. 2018 கோடையில் இங்கிருந்து அமெரிக்காவின் பிராவிடன்ஸுக்கு நேரா பறந்து போனேன். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு இருபது நிமிஷம். அந்தப் பக்கம் இறங்கினா குடிநுழைவு வரிசையில் எங்க விமானத்து ஆட்கள் மட்டும்தான் நின்னாங்க. பாஸ்டன் பக்கம் இருக்கிற அக்கா வீட்டுக்கு அங்கிருந்து ஒரு மணி நேரம் கார்.

2017 ஜூலையில் நார்வீஜியன் நிறுவனம் தொடங்கிய சேவை அது. கார்க்கிலிருந்து அட்லாண்டிக் தாண்டிய முதல் வழக்கமான சேவையும் அதுதான். அறிமுகக் கட்டணம் ஒரு வழிக்கு 69 யூரோ. அதில் ஓடினது போயிங் மேக்ஸ் விமானம். 2019 மார்ச்சில் மேக்ஸ் பறக்கவே கூடாதுன்னு உலகம் முழுக்கத் தடை போட்டாங்க, அதோட போச்சு. இப்போ அம்மாவைக் கூட்டிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போகணும்னா நடுராத்திரி ரெண்டு மணிக்கு டப்ளின் பஸ் ஏறணும். எழுபத்தி மூணு வயசு அவங்களுக்கு.

"சின்ன ஊர், நடக்காது"ன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் ஒத்துக்க மாட்டேன். 2024-ல் கார்க் நிலையத்தை 30 லட்சத்துக்கு மேற்பட்டோர் பயன்படுத்தியிருக்காங்க. ஆப்பிள் 1980-லிருந்து இங்கே இருக்கு. மருந்துக் கம்பெனிகள் துறைமுகத்தைச் சுத்தி வரிசையா நிக்குது. வாரத்துக்கு மூணு விமானத்தை நிரப்ப முடியாதா?

எரிபொருள்கணக்கு:
விமானங்களுக்குப் பயணத் திட்டம் போடும் டிஸ்பாட்ச் வேலையில் பல வருடங்கள் இருந்தவன் நான். கார்க்வாசி வருத்தம் புரிகிறது, ஆனால் எண்ணம் தவறு என்று நினைக்கிறேன்.

பலரும் முதலில் ஓடுபாதையைச் சொல்வார்கள். அது பெரிய விஷயமே இல்லை. கார்க்கின் பெரிய ஓடுபாதை 2,133 மீட்டர். பிராவிடன்ஸ் ஏறத்தாழ 4,800 கி.மீ. மேக்ஸ் 8 போன்ற சின்ன விமானத்துக்கு அது எட்டும் தூரம்தான். தீயணைப்பு வண்டிகளும் புதிதாக வாங்க வேண்டாம். நிலையத்தில் எவ்வளவு தீயணைப்பு வசதி வேண்டும் என்ற வகை முக்கியமாக விமானத்தின் நீளத்தை வைத்து முடிவாகிறது. 39 மீட்டரிலிருந்து 49 மீட்டருக்குள் இருந்தால் ஏழாம் வகை. மேக்ஸ் 8, ஏர்பஸ் ஏ321 இரண்டும் அதற்குள் அடங்கும். ஸ்பெயினுக்குச் சுற்றுலா விமானம் அனுப்பும் எந்த ஊரிலும் அது ஏற்கெனவே இருக்கும். லண்டன் சிட்டி நிலையத்தின் ஓடுபாதை 1,508 மீட்டர்தான். அங்கிருந்தே பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2009 முதல் 2020 வரை 32 இருக்கை கொண்ட ஏ318-ஐ நியூயார்க்குக்கு ஓட்டியது. நிறைய எரிபொருளோடு அங்கே எழும்ப முடியாது என்பதால் போகும்போது அயர்லாந்தின் ஷானனில் இறங்கி நிரப்பிக்கொண்டார்கள். அந்த நேரத்தில் பயணிகளுக்கு அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையும் அங்கேயே முடிந்தது.

ஆகவே கேள்வி "பறக்க முடியுமா" என்பதல்ல. ஜனவரி மாதம் என்ன செய்வீர்கள் என்பதுதான்.

குளிர்காலத்தில் மேற்கு நோக்கிப் போகும்போது எதிர்க்காற்று பலமாக அடிக்கும். எரிபொருள் கூடும். குட்டை ஓடுபாதையிலிருந்து கூடுதல் எரிபொருளோடு எழும்ப வேண்டுமென்றால் ஆளையோ பெட்டியையோ குறைக்க வேண்டும், இல்லையென்றால் வழியில் இறங்க வேண்டும். 2011-12 குளிர்காலத்தில் ஐரோப்பாவிலிருந்து போன போயிங் 757 விமானங்கள் பல, கனடாவின் காண்டர், கூஸ் பே நிலையங்களில் இறங்கி எரிபொருள் போட்டுப் போனதைத் துறையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள். அதே ஜனவரியில் கார்க்கிலிருந்து யார் பாஸ்டன் பக்கம் போகிறார்கள்? கோடையில் நிரம்பும் விமானத்தில் பாதி இருக்கை காலி. விமானத்தின் வாடகை குறையாது, விமானிகள் சம்பளம் குறையாது. யானையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான்.

டொரண்டோ மேகலை:
ஜனவரியைச் சொல்லிப் பயமுறுத்தாதீங்க சார். அட்லாண்டிக் நடுவில் இருக்கும் போர்ச்சுகலின் அசோரஸ் தீவுகளைப் பாருங்க. பொன்டா டெல்காடா இருக்கும் தீவில் மொத்தமே ஒன்றரை லட்சம் பேருக்கும் குறைவு. அங்கிருந்து பாஸ்டனுக்கும் எங்க டொரண்டோவுக்கும் விமானம் பறக்குது. காரணம் ஒண்ணுதான், மாசச்சூசெட்ஸின் ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்ட் ஊர்களில் தலைமுறை தலைமுறையா குடியேறின அசோரஸ் குடும்பங்கள். கல்யாணம், சாவு, திருவிழான்னு ஜனங்க போய் வந்துக்கிட்டே இருக்காங்க. அயர்லாந்துக்கும் பாஸ்டனுக்கும் அந்தச் சொந்தம் இல்லையா? அமெரிக்காவில் அயர்லாந்து வம்சாவளி ஆட்கள் அதிகமா வாழும் இடங்களில் ஒண்ணு அந்தப் பகுதிதானே.

எரிபொருள்கணக்கு:
மேகலை, நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அங்கே சுற்றிலும் கடல். அசோரஸ்காரர் பஸ் ஏறி லிஸ்பனுக்குப் போக முடியாது. கார்க்காரருக்கோ ரெண்டு மணி நேரத்துக்குள் ஷானன், மூணு மணி நேரத்தில் டப்ளின். ஷானனிலிருந்து பாஸ்டனுக்கும் நியூயார்க்குக்கும் விமானம் இருக்கிறது. நீங்கள் சொல்லும் அதே அயர்லாந்துச் சொந்தங்களை ஷானனும் டப்ளினும் ஏற்கெனவே ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. மிச்சம் எத்தனை பேர்?

பிரிட்டனைச் சேர்ந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் கதையைச் சொல்கிறேன். அங்கே நீண்ட தூரப் பயண வரியை 2013 ஜனவரியிலிருந்து பூஜ்யமாக்கினார்கள். பிரிட்டனின் மற்ற பகுதிகளில் அந்த வரி தொடர்ந்தது. அப்போது ஒரே ஒரு நீண்ட தூரச் சேவை, அமெரிக்காவின் யுனைட்டெட் நிறுவனம் நியூயார்க் பக்கத்து நியூவர்க்குக்கு ஓட்டிய விமானம். அதையும் தக்கவைக்க 2016-ல் வட அயர்லாந்து அரசு 90 லட்சம் பவுண்டு உதவி அறிவித்தது. ஐரோப்பிய ஆணையம் அது விதிக்குப் புறம்பு என்றது. 2017 ஜனவரியில் விமானம் நின்றுபோனது. அடுத்து நார்வீஜியன் வந்தது. 2018 அக்டோபரில் அதுவும் பெல்ஃபாஸ்டிலிருந்து நியூயார்க் சேவையை நிறுத்திக்கொண்டது. மேக்ஸுக்குத் தடை வந்தது அதற்குப் பிறகு, 2019 மார்ச்சில். ஆகவே எல்லாப் பழியையும் மேக்ஸ் மேல் போட முடியாது.

கார்க்வாசி:
சார், அந்த "நியூயார்க்" எதுன்னு சொல்லாம விட்டுட்டீங்க. அது ஸ்டீவர்ட் நிலையம், நியூபர்க்கில் இருக்கு. மன்ஹாட்டனுக்கு வடக்கே ஏறத்தாழ 100 கி.மீ. ராத்திரி இறங்கி, குழந்தைகளோட பஸ் பிடிச்சு நகரத்துக்குப் போகணும். அங்கிருந்து வேற அமெரிக்க ஊருக்கு மாறிப் போகவும் வழியில்லை. தோத்தது பெல்ஃபாஸ்ட் மட்டும் இல்லை, போய்ச் சேர்ந்த இடமும்தான்.

ஹார்ட்ஃபோர்ட்காரன்:
கார்க்வாசி இப்பச் சொன்னதுதான் முக்கியமான இடம்னு எனக்குப் படுது. நான் அமெரிக்காவின் கனெக்டிகட்ல இருக்கேன், இருபது வருஷமாச்சு. எங்க ஹார்ட்ஃபோர்டோட பிராட்லி நிலையமும் நடுத்தர ஊர் நிலையம்தான். ஒரு பக்கம் பாஸ்டன், மறுபக்கம் நியூயார்க், ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டது. இங்கே அட்லாண்டிக் சேவை மூணு தடவை வந்ததை நேர்ல பார்த்திருக்கேன்.

முதல் தடவை 2007-ல், அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் நிறுவனம் ஆம்ஸ்டர்டாமுக்கு 757 விட்டது. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டுச்சு, அந்த அக்டோபர்லேயே மூட்டை கட்டிட்டாங்க. அடுத்து 2016 செப்டம்பர்ல அயர்லாந்தோட ஏர் லிங்கஸ் டப்ளினுக்குச் சேவை தொடங்குச்சு. 2017-ல் நார்வீஜியன் எடின்பரோவுக்குத் தொடங்கி ஒரு வருஷம்கூட நிக்காம 2018 மார்ச்சில் போயிடுச்சு. இதுல ஏர் லிங்கஸ் மட்டும்தான் கோவிட்ல நின்னுட்டு 2023 மார்ச்சில் திரும்பி வந்தது, நீண்ட தூரம் போற ஏ321 எல்ஆர் விமானத்தோட.

ஏன் அது மட்டும்? டப்ளின் அவங்க சொந்த வீடு. ஹார்ட்ஃபோர்ட்லேருந்து ஏறுறவங்க எல்லாருக்கும் அயர்லாந்துல வேலை இல்லை. பாரிஸ், ரோம், மான்செஸ்டர்னு டப்ளின்ல மாறிப் போறாங்க. எங்க ஊர் ஆள் பாதி இருக்கையை நிரப்பினா போதும், மிச்சத்தை அந்தப் பக்கத்து வலைப்பின்னல் நிரப்புது. விமானம் பழுதானா மாத்து விமானம் அங்கேயே நிக்குது. அது மட்டுமில்லை, டப்ளின்லயே அமெரிக்கக் குடிநுழைவு முடிஞ்சிடுறதால இங்கே வந்து இறங்குறப்ப உள்நாட்டுப் பயணி மாதிரி பெட்டியை எடுத்துக்கிட்டு வெளியே போயிடலாம்.

எடின்பரோ, கார்க், பிராவிடன்ஸ், ஸ்டீவர்ட் இதுல எதுவுமே நார்வீஜியனுக்கு அந்த மாதிரி பெரிய சந்திப்பு நிலையம் இல்லை. ரெண்டு முனையும் சின்ன ஊரா இருந்தா, ஒவ்வொரு இருக்கையும் அந்த ரெண்டு ஊர் ஜனங்களாலயே நிரம்பணும். அங்கேதான் உடையுது. ஒரு முனை சின்ன ஊரா இருக்கலாம், ரெண்டும் இருக்க முடியாது.

எரிபொருள்கணக்கு:
இதைத்தான் நான் ஜனவரியைச் சொல்லி விளக்கப் பார்த்தேன், நீங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டீர்கள். மாற்று விமானம் பற்றி ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். ஐரோப்பிய விதிப்படி 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணம் பழுதால் நாலு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் ஆளுக்கு 600 யூரோ. 189 இருக்கை நிரம்பிய ஒரு மேக்ஸ் கார்க்கில் ஒரு ராத்திரி நின்றுவிட்டால் 1,13,400 யூரோ, ஓட்டல் செலவு தனி. 69 யூரோ டிக்கெட் விற்று அதை எத்தனை பயணத்தில் ஈட்டுவது? டப்ளினில் பழுதானால் வேறொரு விமானத்தை இழுத்து நிறுத்தலாம். கார்க்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

டொரண்டோ மேகலை:
ஹார்ட்ஃபோர்ட் சொன்ன கணக்குப்படி பார்த்தாலும் நார்த்வெஸ்ட் ஏன் தோத்தது? ஆம்ஸ்டர்டாம் அவங்க கூட்டாளியான டச்சு நிறுவனம் கேஎல்எம்மோட சொந்த வீடுதானே. அதைவிடப் பெரிய சந்திப்பு நிலையம் வேணுமா?

ஹார்ட்ஃபோர்ட்காரன்:
நியாயமான கேள்வி. அந்த வருஷம் எண்ணெய் விலைக்கு யாருமே தாக்குப்பிடிக்கலை, பெரிய நிலையங்கள்லயே சேவையைக் குறைச்சாங்க. முதல்ல வெட்டுப்படுறது எப்பவும் கடைக்கோடி ஊர்தான். அதனாலதான் இன்னொரு விஷயத்தைச் சொல்லணும்: ஏர் லிங்கஸ் சும்மா வரலை. கனெக்டிகட் மாநில அரசு வருமான உத்தரவாதம் கொடுத்துது. வருமானம் பேசின அளவுக்கு வரலைன்னா துண்டு விழுறதை அரசு ஈடுகட்டும். பிட்ஸ்பர்க் 2019-ல் பிரிட்டிஷ் ஏர்வேஸைக் கூப்பிட்டதும், இண்டியானாபொலிஸ் 2018-ல் டெல்டாவைப் பாரிஸுக்குப் பறக்க வச்சதும் பணம் கொடுத்துத்தான். இண்டியானாபொலிஸ் பாரிஸ் கோவிட்ல நின்னது, அப்புறம் வரவே இல்லை.

கார்க்வாசி:
அப்போ ராலே-டர்ஹம்? நார்த் கரோலினாவில். 1994-லிருந்து அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அங்கிருந்து லண்டனுக்குப் பறக்குது, கோவிட் காலம் மட்டும்தான் இடைவெளி. அங்கே இருந்த பெரிய மருந்துக் கம்பெனிக்கு லண்டன்ல வேலை, அதிகாரிகள் முன்பக்க இருக்கைக்கு முழுப் பணம் கொடுத்துப் போனாங்க. கார்க்கிலேயும் மருந்துக் கம்பெனிதான், அதுவும் அமெரிக்கக் கம்பெனி. நார்வீஜியன் விமானத்தில் பிசினஸ் வகுப்பே இல்லை. எங்க ஊருக்கு ஏத்த சரக்கைக் கொண்டுவராம கடையை மூடிட்டு "இந்த ஊர்ல வியாபாரம் இல்லை"ன்னு சொன்னா எப்படி?

எரிபொருள்கணக்கு:
இதை ஒப்புக்கொள்கிறேன். படுக்கை இருக்கை உள்ள விமானத்தோடு கார்க்கை யாரும் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால் அதிகாரிகளுக்கு வேண்டியது வாரத்துக்கு மூன்று விமானம் அல்ல, தினமும் ஒன்று. செவ்வாய் கூட்டம் முடிந்து வியாழன் வரை யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

புது விமானங்கள் எங்கே போகின்றன என்றும் பாருங்கள். ஏ321 எக்ஸ்எல்ஆர், 8,700 கி.மீ. போகக்கூடியது. 2024 நவம்பரில் ஸ்பெயினின் ஐபீரியா அதை அட்லாண்டிக் தாண்டி முதலில் பறக்கவிட்டது மாட்ரிட்டிலிருந்து பாஸ்டனுக்கு. 2025-ல் ஏர் லிங்கஸ் டப்ளினிலிருந்து நாஷ்வில்லுக்கும் இண்டியானாபொலிஸுக்கும் தொடங்கியது. ஹார்ட்ஃபோர்ட்காரர் சொன்ன அதே வடிவம். சின்ன ஊர் அமெரிக்கப் பக்கம் இருக்கிறது, ஐரோப்பியப் பக்கம் அவர்களுடைய தலைநகரம். கார்க் வேண்டுமென்றால் இதைத் திருப்பிப் போட வேண்டும். ஓர் அமெரிக்க நிறுவனம் தன் பெரிய நிலையத்திலிருந்து, பாஸ்டனோ நியூவர்க்கோ ஃபிலடெல்ஃபியாவோ, கார்க்குக்கு வர வேண்டும். அப்போது கார்க்காரர் அங்கே மாறி அமெரிக்கா முழுக்கப் போகலாம். கோடை ஐந்து மாதம், தினமும். அதை என்னால் எதிர்க்க முடியவில்லை. பன்னிரண்டு மாதமும் என்றால் எதிர்ப்பேன்.

டொரண்டோ மேகலை:
ஐந்து மாசமா? கார்க்வாசியோட அம்மா குளிர்காலத்தில் போகணும்னா மறுபடி ராத்திரி ரெண்டு மணி பஸ்தானே.

கார்க்வாசி:
பரவாயில்லை மேகலை. மே மாசம் போயிட்டு செப்டம்பரில் வந்தா அவங்களுக்கும் குளிர் இல்லை. அக்காவோட பிள்ளைங்களுக்கும் பள்ளி விடுமுறை. ஹார்ட்ஃபோர்ட் அண்ணா, அந்த உத்தரவாதத்தை அங்கே மாநில அரசுகிட்ட எடுத்துட்டுப் போனது யாரு? விமான நிலையமா, வியாபாரிகள் சங்கமா? இங்கே வர்த்தக சபையில் எனக்கு ஒருத்தரைத் தெரியும், பேசிப் பார்க்கலாம்னு இருக்கேன்.

ஹார்ட்ஃபோர்ட்காரன்:
விமான நிலைய ஆணையம் முன்னாடி நின்னுது, மாநிலத்தின் பொருளாதாரத் துறை பணத்துக்குப் பொறுப்பெடுத்துக்கிட்டுது. ஆனா உங்க பக்கம் ஐரோப்பிய ஆணையம் இருக்கு தம்பி, பெல்ஃபாஸ்டை மறந்துடாதீங்க. அரசுப் பணமா போனா அதே முட்டுக்கட்டை வரும். அதனால கம்பெனிகள்கிட்ட முதல்ல போங்க. வருஷத்துக்கு இத்தனை முன்பக்க இருக்கை வாங்கிக்கிறோம்னு நாலு கம்பெனி எழுத்துல கொடுத்தா, அந்தத் தாளோட பாஸ்டனுக்கு ஆள் அனுப்பலாம். வர்த்தக சபை நண்பர்கிட்ட அதைக் கேளுங்க.