கேரமில் ஸ்ட்ரைக்கர் உந்தத்தில் பாதி தருகிறது, ஆற்றலில் முக்கால் தருகிறது: எப்படி?

பிளஸ்ஒன்_மாணவி:
வணக்கம். மோதல் பாடத்தில் ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன். வீட்டில் தினமும் கேரம் ஆடுவதால் அதையே கணக்காகப் போட்டேன். ஸ்ட்ரைக்கர் 15 கிராம், காய் 5 கிராம். ஸ்ட்ரைக்கர் வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் போய், நிற்கிற காயை நேருக்கு நேர் அடிக்கிறது. மீட்சி மோதல், அதாவது மொத்த இயக்க ஆற்றல் குறையாத மோதல் என்று வைத்தால், அடித்த பிறகு ஸ்ட்ரைக்கர் 1, காய் 3. விடை சரி. ஆனால் ஸ்ட்ரைக்கர் உந்தத்தில் (நிறையை வேகத்தால் பெருக்கியது) பாதியைத்தான் கொடுத்திருக்கிறது, ஆற்றலிலோ முக்கால் பங்கு காய்க்குப் போய்விட்டது. ஒரே அடியில் இது எப்படி? இன்னொன்று, மீட்சியற்ற மோதலில் இயக்க ஆற்றல் குறையும், உந்தம் குறையாது என்கிறார்கள். ஆற்றல் வெப்பமாகப் போகும்போது உந்தமும் கூடவே கொஞ்சம் போகாதா?

சாக்பீஸ்:
முதல் கேள்விக்குப் பதில் சின்னது. ஸ்ட்ரைக்கரின் வேகம் பாதியானால் உந்தமும் பாதி, ஆனால் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் மிஞ்சுவது கால்தான். மீதி முக்கால் காய்க்கு.

இரண்டாவதுதான் நல்ல கேள்வி, பல பேர் கேட்காமலே சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஸ்ட்ரைக்கர் காயைத் தள்ளும் விசையும் காய் திருப்பித் தள்ளும் விசையும் ஒவ்வொரு கணமும் சமம், எதிர்த்திசை. தொட்டுக்கொண்டிருக்கும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றேதான், இது அதைத் தொடும்போது அது இதைத் தொடாமல் இருக்க முடியாதே. விசையை நேரத்தால் பெருக்கினால் உந்த மாற்றம், அதனால் ஒன்று இழந்தது அப்படியே மற்றதுக்குச் சேர்ந்துவிடும். பொருள் ரப்பராக இருந்தாலும் களிமண்ணாக இருந்தாலும் இதில் மாற்றமே இல்லை.

ஆற்றலுக்கு விசையைத் தூரத்தால் பெருக்க வேண்டும், அங்கேதான் வித்தியாசம் வருகிறது. தொட்ட உடனே ஸ்ட்ரைக்கர் வேகமாக முன்னேறுகிறது, காய் இப்போதுதான் கிளம்புகிறது, இரண்டின் மையங்களும் ஒரே தூரம் நகர்வதில்லை, நடுவில் விளிம்புகள் கண்ணுக்குத் தெரியாத அளவு நசுங்குகின்றன. ஸ்ட்ரைக்கர் செய்த வேலையில் ஒரு பகுதி அந்த நசுங்கலில் போய் உட்காருகிறது. விளிம்பு விரியும்போது அது முழுவதும் திரும்பி வந்தால் மீட்சி மோதல். வராத பங்குதான் சூடும், அந்த ‘டக்’ சத்தமும்.

சூடு என்றால் மூலக்கூறுகள் கண்ட திசையில் ஆடுவது. அந்த ஆட்டத்தின் உந்தங்களைத் திசையோடு கூட்டிப் பார்த்தால் ஒன்றையொன்று கழித்துப் பூஜ்யம் ஆகிவிடும். ஆற்றலுக்குத் திசை கிடையாது, அது கழியாது.

பவுடர்டப்பா:
நான் பல வருடமாக ஆடுகிறவன். நிஜப் போர்டில் முழு மீட்சி கிடையாது. மீட்சியளிப்பு குணகம், அதாவது மோதிய பின் விலகும் வேகத்துக்கும் மோதும் முன் நெருங்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம், 0.8 என்று வைத்துப் போட்டுப் பார், ஸ்ட்ரைக்கர் 1.1, காய் 2.7 வரும், உந்தம் அதே 0.03, ஆற்றல் மட்டும் 0.03 ஜூலிலிருந்து 0.0273 ஆகக் குறையும். அப்புறம் ஒன்று, ஸ்ட்ரைக்கர் காயைவிட மூன்று மடங்கு கனம் என்பதால் ஒரே ஒரு காயால் அதைச் சுமார் 19.5 டிகிரிக்கு மேல் திருப்ப முடியாது, எவ்வளவு ஓரத்தில் பட்டாலும் சரி. பாக்கெட் வாயில் நிற்கிற காயை நேராக அடித்தால் ஸ்ட்ரைக்கரும் பின்னாலேயே விழுந்து ஃபவுல் ஆவது இதனால்தான். காயும் காயும் மோதினால் கதை வேறு, சம நிறை, நேராகப் பட்டால் வந்த காய் ஏறக்குறைய நின்றுவிடும்.

பழையநோட்டு:
உந்தமா ஆற்றலா என்ற இந்தக் குழப்பத்தில் பெரிய பெரிய ஆட்களே பல வருடம் சண்டை போட்டிருக்கிறார்கள். இயக்கத்தின் அளவு நிறையும் வேகமும் பெருக்கியது என்றார் பிரெஞ்சு தத்துவ அறிஞர் தெகார்த், ஆனால் திசையைக் கணக்கில் எடுக்கவில்லை. 1686இல் ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ் அதை மறுத்து, வேகத்தின் இருமடிதான் கணக்கு என்றார். பிறகு ஹாலந்தில் கிராவெசாண்டே என்ற இயற்பியலாளர் பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழவைத்துப் பார்த்தார், வேகம் இரண்டு மடங்கானால் பள்ளம் நான்கு மடங்கு. இரண்டு அளவுமே தேவை, வேலைதான் வேறு.

பிளஸ்ஒன்_மாணவி:
ரொம்ப நன்றி. காயில் களிமண் ஒட்டி, இரண்டும் ஒட்டிக்கொண்டு போவதாக வைத்துப் போட்டேன். வேகம் 1.5, ஆற்றல் 0.0225 ஜூல், இழப்பு 0.0075. சரிதானே?

சாக்பீஸ்:
சரி. இப்போது உன் முதல் கணக்குக்கே திரும்பிப் போ. மீட்சி மோதலிலும் நசுங்கல் உச்சத்தில் இருக்கும் அந்த ஒரு கணத்தில் ஸ்ட்ரைக்கரும் காயும் ஒரே வேகத்தில்தான் போகின்றன, அதே 1.5. அந்தக் கணத்தில் நசுங்கலில் இருப்பதும் அதே 0.0075 ஜூல்தான். களிமண் அதைத் திருப்பித் தரவில்லை, கேரம் காய் தந்துவிட்டது.