மறு: பழைய செப்பு டோக்கனுக்குத் தமிழ்ச்சொல் – ‘ஈட்டுக்காசு’

அனைவருக்கும் வணக்கம். பிரிட்டனில் அரசல்லாதவர்கள் அடித்துவிட்ட பழைய செப்பு டோக்கனுக்கு ‘ஈட்டுக்காசு’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு வந்த கேள்வி இது:

> ‘வணிக வில்லை’ போதுமே ஐயா? வடிவமும் தெரிகிறது, யார் வெளியிட்டது என்பதும் தெரிகிறது.

வடிவம் தெரிகிறது, சரிதான் அம்மா. ஆனால் வில்லை என்றதும் மாத்திரையும் மூக்குக்கண்ணாடியும் சேவகர் மார்பில் குத்தியிருப்பதும்தான் நினைவுக்கு வருகின்றன. கொடுத்து வாங்கும் பொருள் என்று தோன்றுவதில்லை. டோக்கன் என்றே விட்டுவிடலாம் என்றால், அது ரேஷன் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் வெறும் வரிசை எண்ணாகிவிட்டது.

ஈட்டுக்காசு என்று நான் சொல்வதற்குக் காரணம் அந்தக் காசின் மேலேயே இருக்கிறது. 1807-க்குப் பிறகு 1821 வரை பிரிட்டனுக்கென்று அரசு செப்புக்காசு அடிக்கவில்லை. கூலி கொடுக்கச் சில்லறைக்குத் தட்டுப்பாடு. 1811, 1812-இல் சுரங்கக்காரர்களும் இரும்பாலைக்காரர்களும் கடைக்காரர்களும் தாங்களே பென்னி என்ற சில்லறைக்காசை அடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். ‘240 டோக்கனுக்கு ஒரு பவுன் நோட்டு’ என்று பலவற்றில் பொறித்திருக்கும். அன்று பிரிட்டிஷ் பணத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. செம்பின் விலைக்காக இல்லை, ‘கொண்டுவந்தால் பணம் தருகிறேன்’ என்ற அந்தப் பேச்சை நம்பித்தான் மக்கள் அதைக் கையில் வாங்கினார்கள். ஆக, அது கடன். அதற்கு வைத்த ஈடுதான் இந்தச் செம்பு.

‘வணிக’ என்பதிலும் எனக்கு ஒரு சங்கடம். என்னிடம் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு ஊர்ப் பென்னி ஒன்று இருக்கிறது. விளிம்பு மழுங்கிவிட்டது, ஆனால் சாய்த்துப் பிடித்தால் கட்டடத்தின் சன்னல்கள் தெரிகின்றன. அது கடையில்லை, ஏழையர் விடுதி. வெளியிட்டவர்கள் ஊரின் ஏழையர் நலக் கண்காணிப்பாளர்கள். 1817-இல் நாடாளுமன்றம் தனியார் செப்புக்காசுகளைத் தடைசெய்தபோது பர்மிங்காம் விடுதிக் காசுக்கு 1820 வரையும் ஷெஃபீல்டுக்கு 1823 வரையும் விலக்கு கிடைத்தது. ஏனென்றால், அத்தனையையும் ஒரே மூச்சில் திரும்ப வாங்கினால் சுமை ஏழைகளுக்கான வரிப்பணத்தின் தலையில் விழும். வெறும் வில்லையாக இருந்தால் இந்தக் கவலை எதற்கு? அதனால் ஈட்டுக்காசு என்பதைப் பொதுச்சொல்லாக வைத்துக்கொண்டு, வணிக ஈட்டுக்காசு, விடுதி ஈட்டுக்காசு, வங்கி ஈட்டுக்காசு என்று பிரிக்கலாம். (இங்கிலாந்து வங்கி 1811-இல் வெளியிட்ட மூன்று ஷில்லிங் வெள்ளியிலும் ‘வங்கி டோக்கன்’ என்றுதான் இருக்கிறது.)

‘ஈட்டிய காசு’ என்று படித்துவிட மாட்டார்களா என்று ஒரு நண்பர் தனிமடலில் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ஈட்டுக்கடன், ஈட்டுப் பத்திரம் எல்லாம் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கின்றன, அவற்றை யாரும் அப்படிப் படிப்பதில்லை.

அப்புறம், இந்தச் சொல்லை எடுத்தால் வினையும் கூடவே வந்துவிடுகிறது. ஈட்டை மீட்பது நமக்குப் பழகிய பேச்சு. வெளியிட்டவர் பணம் கொடுத்துத் தன் காசைத் திரும்ப எடுத்துக்கொள்வதை மீட்பு என்றும், இன்ன இடத்தில் பணமாக்கலாம் என்று காசில் பொறித்திருப்பதை மீட்பிடம் என்றும் சொல்லலாம். என் சேகரிப்புப் பட்டியலில் அந்தக் கட்டத்தின் தலைப்பை இன்று காலை ‘மீட்பிடம்’ என்று மாற்றிவிட்டேன். ஷெஃபீல்டுக்கு நேராக ‘ஏழையர் விடுதி’ என்று எழுதியிருக்கிறேன்.