ஜாஸ் ஆர்கனை எப்படிக் கேட்பது?

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். பல ஆண்டுகளாக ஜாஸ் கேட்டு வருகிறேன். ஆர்கன் என்ற விசைப்பலகை வாத்தியம் ஒலித்தால் மட்டும் அடுத்த இசைத்தட்டுக்குத் தாவிவிடுவேன். தேவாலயத்தில் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும்.

சென்ற வாரம் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் 1960இல் பதிவு செய்த 'பேக் அட் த சிக்கன் ஷாக்' காதில் விழுந்தது. ஆர்கன், கிட்டார், டெனர் சாக்ஸபோன், டிரம்ஸ். பாஸ், அதாவது தாழ்ந்த சுரங்களின் வரிசை, வாசிக்க ஆளே இல்லை! ஆனாலும் பாஸ் நடைபோட்டுக்கொண்டே இருக்கிறது. ஆர்கன்காரரின் இடது கையும் பாதமும்தான் அந்த வேலையைப் பார்க்கின்றன என்று பிறகு படித்தேன். ஒரே மனிதர், இரண்டு சம்பளம் வாங்கியிருக்க வேண்டும்.

இப்போது சிக்கல் இதுதான்: என் சிறிய ஒலிபெருக்கியில் அந்தப் பாஸ் கூழாகிவிடுகிறது. கை வாசிப்பது எது, காலால் அழுத்தும் பெடல் எது என்று பிரித்துக் கேட்க வழி உண்டா? ஹாமண்ட் பி-3 என்ற மின் ஆர்கனின் டிராபார்களை (ஒலியை மாற்றும் இழுப்புக் கம்பிகளை) இழுக்கும்போது ஒலியின் நிறம் மாறுவதையும், லெஸ்லி என்ற சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டியின் சுழற்சி வேகமெடுப்பதையும் எந்தப் பதிவில் தெளிவாக உணரலாம்?

ஆர்கன் கலைஞர் லாரி யங்கின் 'யூனிட்டி' (பதிவு 1965) வாங்கி வைத்திருக்கிறேன். எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸுக்காக ஒருமுறை கேட்டேன், ஆர்கன் பிடிபடவில்லை. அதற்கு முன் இன்னொரு ஆர்கன் கலைஞரான ஷர்லி ஸ்காட்டைக் கேட்பது நல்லதா? எந்தத் தட்டில் தொடங்கலாம்?