சால்ட் அவேன்னா கருவாடு இல்லை, சிறுவாடு

புதுச்சேரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாராவாரம் இங்கிலாந்து வாடிக்கையாளர் ஒருவரிடம் போனில் பேசுவேன். ஒருநாள் பேச்சுவாக்கில், இறந்துபோன தன் மாமா யாருக்கும் தெரியாமல் நிறைய 'சால்ட் அவே' பண்ணி வைத்திருந்தார் என்றார். நான் கடலூர் முதுநகர்க்காரன், துறைமுகத்துப் பக்கம் கருவாட்டு வாசனையிலேயே வளர்ந்தவன், சால்ட் என்று காதில் விழுந்ததும் யோசிக்காமல் "என்ன மீன்?" என்று கேட்டுவிட்டேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. அப்புறம் ஒரே சிரிப்பு.

பணத்தைச் சேர்த்து, பெரும்பாலும் பிறர் கண்ணில் படாமல், பத்திரப்படுத்துவதுதான் சால்ட் அவே. ஆனாலும் நான் கேட்டது முழுத் தப்பில்லை. மீனையும் இறைச்சியையும் உப்பிட்டு வைத்த பழக்கத்திலிருந்து வந்த சொல்தான் அது. உப்பு ஈரத்தை இழுத்துவிடும், சரக்கு கெடாது, இன்றைக்கே தின்று தீர்க்காமல் பின்னால் ஆகும் என்று எடுத்து வைக்கலாம்.

இதற்கு நம்மிடம் கச்சிதமான சொல் இருக்கிறதே, சிறுவாடு! மீன் விற்ற காசில் ஆயா கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி அரிசிப் பானைக்குள் போட்டு வைத்தது 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த பிறகுதான் வெளியே வந்தது, அதுவரை தாத்தாவுக்கே தெரியாது.

சரி, சொல் கிடைத்துவிட்டதே என்று எல்லா இடத்திலும் போட ஆரம்பித்தேன். பைக் வாங்க சால்ட் அவே பண்ணுகிறேன் என்று மேனேஜருக்கு ஆங்கிலத்தில் எழுத, "யாருக்குத் தெரியாமல் தம்பி, வரித்துறைக்கா?" என்று கேட்டார். பைக், கல்யாணம் என்று ஒன்றைக் குறிவைத்துச் சேர்த்தால் 'சேவ் அப்' போதும், கூடவே 'ஃபார்' போட்டு எதற்காக என்று சொல்லிவிடலாம். சால்ட் அவேயில் ஒளித்து வைக்கிற வாடை கொஞ்சம் உண்டு, வெளிநாட்டு வங்கியில் பதுக்கிய பணத்தைப் பற்றி எழுதும்போதும் ஆங்கிலப் பத்திரிகைகளில் இது வரும். இன்னொன்று, 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: 'சால்ட் இட் அவே'. 'சால்ட் அவே இட்' என்று நான் எத்தனை மெயில் அனுப்பினேனோ.

போன பொங்கலுக்கு ஆயாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "வெள்ளைக்காரனுக்கு அறிவிருக்காடா? உப்புல வச்சா நோட்டு நசநசன்னு ஆயிடும், அதனாலதான் நான் அரிசியில வச்சேன்" என்றது.