கைரோமோன்: 'அச்சமணம்' வேண்டாம், 'துப்புமணம்' கொள்ளலாமா?

அன்புள்ள ஐயா அவர்களுக்கும் குழும அன்பர்களுக்கும் வணக்கம்.

ஓர் இனம் வெளிவிட, வேறோர் இனம் உணர்ந்து பயன்பெறும் வேதிப்பொருளே கைரோமோன் (kairomone). அதற்குத் தமிழ்ச்சொல்லாகத் தாங்கள் முன்மொழிந்த 'அச்சமணம்', ஊனுண்ணியின் மணத்துக்கு அஞ்சும் மான்களின் மேய்ச்சலைப் பற்றி எழுதும் கட்டுரையில் உடனே விளங்கிவிடும். ஆயினும் அதைப் பொதுக் கலைச்சொல்லாக ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. 1970இல் பிரௌன், ஐஸ்னர், விட்டேக்கர் ஆகிய மூவர் இக்கருத்தை வகுத்தபோது, ஓர் உயிரினம் வெளிவிடும் வேதிப்பொருள் வேறோர் இனத்தை எட்டி, அதை உணர்ந்த இனத்துக்கே நன்மை பயக்குமானால் அது கைரோமோன் என்றனர். அந்த வரையறையில் அச்சம் எங்கும் வரவில்லை. ஆதாயம் யாருக்கு என்பதே அதன் உயிர்நாடி. அந்துப்பூச்சி உதிர்த்த செதில்களின் மணத்தைப் பற்றிக்கொண்டு அதன் முட்டைகளைத் தேடிவரும் ஒட்டுண்ணிக் குளவிக்கு வழிகாட்டுவதும் கைரோமோனே. அங்கே அஞ்சுவார் யாருமில்லை.

மான்களிடத்திலும் அச்சம் என்ற ஒரு சொல்லுக்குள் அனைத்தையும் அடக்க முடியாது. கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹைடா குவாய் தீவுகளின் கருவால் மான்கள் சுமார் 100 ஆண்டுகளாக ஓநாயையே அறியாதவை. அங்கே அவை எதிர்கொள்ளக்கூடிய பெரிய ஊனுண்ணி கருங்கரடி மட்டுமே. 2014இல் வெளிவந்த ஆய்வொன்றில் இரண்டின் சிறுநீரையும் வைத்துப் பார்த்தபோது, ஓநாயின் மணம் இருந்த இடத்தை மான்கள் தவிர்த்ததும் அந்த மணத்தை மோந்து ஆராய்ந்ததும் தெளிவாகக் கூடின. கண்முன் திரியும் கரடியின் மணத்தையோ அவை பொருட்படுத்தவில்லை. விலகலும் மோந்து ஆராய்தலும் ஒருங்கே நிகழ்ந்தன என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அஞ்சி ஓடும் விலங்கின் நடத்தை மட்டுமன்று இது. கிடைத்த தடயத்தை எடைபோடும் விலங்கின் நடத்தையும்கூட. போலந்தின் பியாலோவியெஜா காட்டில் புதிய ஓநாய் எச்சத்தின் அருகே செம்மான்கள் தலைநிமிர்ந்து கவனிக்கும் நேரம் கூடி, மேயும் நேரம் குறைந்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே. மறுபுறம், ஓநாய் 19ஆம் நூற்றாண்டோடு அற்றுப்போன ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், ஓநாய்ச் சிறுநீரிலுள்ள பைரசீன் வகைச் சேர்மங்களைத் தீனியருகே வைத்தபோது சிகா மான்கள் வால் உயர்த்தின, துள்ளின, ஓடின. இதை மட்டும் பார்த்தால் தங்கள் சொல் பொருந்தும் என்பதை மறுக்க மாட்டேன்.

கைரோமோனுக்கே இன்னொரு அன்பர் எழுதிய 'கொன்றுண்ணி வாடை' வேறொரு வகையில் இடறுகிறது. இறைச்சி தின்ற கொயோட்டின் (ஓநாயை ஒத்த வட அமெரிக்க விலங்கு) சிறுநீரையும் முலாம்பழம் மட்டும் தின்ற கொயோட்டின் சிறுநீரையும் ஒப்பிட்ட 1994ஆம் ஆண்டு ஆய்வில், கொறிவிலங்குகள் முன்னதையே பெரிதும் வெறுத்தன. ஊன் செரித்ததன் விளைவே அங்கு விரட்டியதேயன்றி, கொல்லும் தொழில் அன்று. கருங்கரடியின் உணவில் பெரும்பகுதி தாவரம் என்பதையும் இத்துடன் சேர்த்து எண்ணிப் பார்க்கலாம்; மான்கள் அதன் மணத்தைப் பொருட்படுத்தாததற்கு அதுவும் காரணமோ என்று தோன்றும். ஆனால் ஹைடா குவாய் ஆய்வாளர்கள் தம் முடிவை ஆபத்தின் அளவைக் கொண்டே விளக்கினர். எவ்வாறாயினும், ஊனுண்ணிகளின் மணத்தை மட்டும் குறிக்க 'ஊனுண்ணி வாடை' போதும். அது கைரோமோனின் ஒரு வகைதான்.

கிரேக்க வேரான கைரோஸ் தக்க தருணத்தைக் குறிப்பதால் 'செவ்விமணம்' என்று சொல்லிப் பார்த்தேன். பொருள் அழகாகவே அமைகிறது. ஆனால் ஈழத்து வாசகருக்குச் செவ்வி என்றால் நேர்காணல். 'உளவுமணம்' என்றால் ஓநாயோ மானோ திட்டமிட்டுச் செயற்படுவது போலாகிவிடும். ஓநாய் தன் இனத்தாருக்கு எல்லை அறிவிக்கப் பெய்த சிறுநீரை மான் தற்செயலாக அறிகிறது, அவ்வளவே. ஆகவே 'துப்புமணம்' என்பதை முன்வைக்கிறேன். துப்பு என்பது விட்டவருக்கு இழப்பு, எடுத்தவருக்கு ஆதாயம். வரையறையின் இரு பக்கமும் அச்சொல்லில் அமைந்துள்ளன. துப்புதல் என்னும் வினை நினைவுக்கு வந்து சிலர் முகஞ்சுளிக்கலாம். துப்பறிதலுக்கு யாரும் முகஞ்சுளிப்பதில்லை.

மணம் என்ற பின்னொட்டுக்கு ஒரு தடை உண்டு. டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு, கொன்றுண்ணிகள் நீரில் கசியவிடும் பொருளை உணர்ந்து தலைக்கவசமும் முள்ளும் வளர்த்துக்கொள்வதை மணமறிதல் என்பது பொருந்தாது. அத்தகைய இடங்களில் 'துப்புப்பொருள்' என்று ஆளலாம். அதுவே தலைச்சொல்லாகி, துப்புமணம் அதன் உட்பிரிவாக நிற்கட்டும்.

இதனோடு தீர்க்க வேண்டிய மற்றொரு சொல்லும் உள்ளது. விலங்கு ஓரிடத்தில் தின்பதை நிறுத்தி அகலும்போது அங்கு எஞ்சும் உணவின் அளவைக் கொண்டு அது உணரும் ஆபத்தை அளக்கும் முறையைச் சூழலியலாளர் ஜோயல் பிரௌன் 1988இல் முன்வைத்தார். ஆபத்து மிகுந்த இடத்தில் விலங்கு விரைந்து அகலும், உணவு மிகுதியாக எஞ்சும். அவ்வளவின் ஆங்கிலப் பெயரான giving-up density என்பதற்கு 'கைவிடு அடர்த்தி' என்ற நேர்பெயர்ப்பு இதை உணர்த்துவதில்லை. உண்டபின் எஞ்சுவதற்குக் குறளில் 'மிச்சில்' என்ற சொல் இருக்கிறது. 'மிச்சிலளவு' என்றால் களத்தில் தட்டுவைத்துத் தீனி நிறுப்பவருக்கும் எளிதாக விளங்கும். இவ்விரண்டையும் ஒருங்கே பரிசீலித்துத் தங்கள் மறுப்பை எழுத வேண்டுகிறேன்.