‘வெப்ப வீச்சு’ வேண்டாம். ‘சூடாறு வேகம்’ எனலாம்

ஐயா, வணக்கம். கலைச்சொல் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் வணக்கம்.

என்ஜினில் தீப்பொறி எழுப்பும் ஸ்பார்க் பிளக்கின் ஹீட் ரேஞ்சுக்கு, அதாவது அதன் நுனி எவ்வளவு விரைவாக ஆறும் என்ற அளவுக்கு, நீங்கள் முன்மொழிந்த ‘வெப்ப வீச்சு’ என்ற சொல்லை மூன்று நாளாக மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் படிப்பவர், பிளக் வெப்பத்தை வீசுகிறது என்றே பொருள் கொள்வார். பழங்கார் வைத்திருப்பவருக்கு இந்தக் குழப்பம் செலவு வைக்கும்.

சிங்கப்பூரில் 1964ஆம் ஆண்டு மாரிஸ் மைனர் வைத்திருக்கும் என் நண்பருக்கு அதுதான் நடந்தது. நம் ஊர் வெயிலுக்குக் ‘குளிர்ந்த’ பிளக்தான் ஏற்றது என்று எண்ணி, கோல்டு பிளக் நான்கை வாங்கி மாட்டினார். அந்தக் கார் பழங்கார் திட்டத்தில் பதிவானது. ஆண்டில் குறிப்பிட்ட சில நாளுக்கு மேல் சாலைக்கு வர முடியாது. ஞாயிறு காலை தேக்காவுக்கு வந்து திரும்பினால் அன்றைய ஓட்டம் முடிந்தது. சில மாதங்களில் என்ஜின் விக்கத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் நான்கு பிளக்கிலும் அப்பிய கரி.

ஹாட், கோல்டு என்பவை தீப்பொறியின் சூட்டைச் சொல்வன அல்ல. நுனியில் இருக்கும் வெண்பீங்கான் நீளமாக இருந்தால், வெப்பம் உலோக உடலுக்கு இறங்கிச் சிலிண்டர் தலைக்குப் போய்ச் சேர நெடுந்தொலைவு. நுனி மெதுவாக ஆறும். அது ஹாட் பிளக். பீங்கான் குட்டையாக இருந்தால் விரைவில் ஆறும். அது கோல்டு பிளக். நுனி ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் படிந்த கரி எரிந்து போகும். 850 டிகிரியைத் தாண்டிவிட்டால் பொறி விழும் முன்பே கலவை பற்றிக்கொண்டு பிஸ்டன் உருகவும் கூடும். இந்தக் கணக்கில் ஊர் வெயிலுக்குப் பெரிய பங்கில்லை. என்ஜின் எவ்வளவு பாடுபடுகிறது என்பதே முக்கியம். நண்பரின் சிறு ஓட்டத்தில், விரைவில் ஆறும் நுனி அந்த 450ஐ எட்டவில்லை, கரி அப்பிக்கொண்டது.

எண்களும் கைகொடுக்கவில்லை. என்ஜிகே நிறுவனத்தின் பிளக்கில் எண் ஏறினால் விரைவாக ஆறும்; சாம்பியன், பாஷ் நிறுவனங்களின் பிளக்கில் எண் ஏறினால் மெதுவாக ஆறும். என்ஜிகேயின் பிபி6இஎஸ், சாம்பியனின் என்9ஒய்சி இரண்டும் ஏறத்தாழ ஒரே நிலை. அதைவிட ஒரு படி மெதுவாக ஆறுவது வேண்டுமென்றால் ஒன்றில் 5க்கு இறங்க வேண்டும், மற்றதில் 12க்கு ஏற வேண்டும். ‘வெப்ப எண்’ என்று பெயர் வைத்தால் இங்கேயே முட்டிக்கொள்ளும்.

ஆகவே வினையைக் கொண்டே பெயர் வைப்போம். ‘ஆறு’ நம் அடுப்படியில் புழங்கும் வினை. தேநீரை ஆற்றுகிறோம், சோறு ஆறிவிட்டது என்கிறோம். ஹீட் ரேஞ்ச் என்பதற்குச் ‘சூடாறு வேகம்’. கோல்டு பிளக் ‘விரைந்தாறி’, ஹாட் பிளக் ‘மெல்லாறி’. முதலில் ‘ஆறுதரம்’ என்றுதான் எழுதினேன். பிபி6இஎஸ் பக்கத்தில் வந்ததும் ஆறு எண்ணாகிவிட்டது, அடித்துவிட்டேன். குழுவில் அம்மா ஒருவர் சொன்ன ‘தணிதிறன்’ அழகாக ஒலிக்கிறது. ஆனால் திறன் என்றாலே கூடியது சிறந்தது என்று மனம் போகும். இங்கே கூடியது சிறந்ததில்லை. என் நண்பரின் காருக்குக் குறைந்ததுதான் பொருந்தியது: பிபி5இஎஸ் மாட்டி, மின்முனைகளுக்கிடையே 0.64 மில்லிமீட்டர் இடைவெளி வைத்த பிறகு நுனி கரியின்றி இளம்பழுப்பாக இருக்கிறது.

ஸ்பார்க் பிளக்குக்குத் தலைச்சொல்லாகத் ‘தீப்பொறிச் செருகி’ இருக்கட்டும். விளக்கத்தில் பிளக் என்றே எழுதலாம், பட்டறையில் அதுதான் பேச்சு. மின்முனை இடைவெளிக்குப் ‘பொறியிடை’ போதும்.

பதிவுக்கு என் வரைவு: “சூடாறு வேகம்: பிளக்கின் நுனி தன் வெப்பத்தைச் சிலிண்டர் தலைக்குக் கடத்தி ஆறும் விரைவு. தயாரிப்பாளரின் எண் இதற்கு நேராகவோ தலைகீழாகவோ அமையும்.” ‘சூடாறு’ என்பதைச் சேர்த்தே எழுதியிருக்கிறேன், பிரித்தால் மீண்டும் எண் வந்து நிற்கும். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள், ஐயா.