ஆளுநர் நியதிச்சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டால்? வழக்கு விவரம் தேவை

இலங்கையின் வெள்ளவத்தையில் உயர்தர அரசறிவியல் மாணவருக்குத் தயாராகும் குறிப்பு ஒரே இடத்தில் நிற்கிறது. நாடாளுமன்றச் சட்டமூலத்தில் சிக்கல் இல்லை. சர்வசன வாக்கெடுப்புக்குப் போகாதவை சபாநாயகர் சான்றுரைத்ததும் சட்டமாகும்; ஜனாதிபதிக்கு வீட்டோ கிடையாது.

மாகாண சபை இயற்றும் சட்டமான நியதிச்சட்டத்தில்தான் முடிச்சு. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம், உறுப்புரை 154எச்: ஆளுநர் சம்மதம் தரலாம், அல்லது மீள்பரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம். சபை திருத்தியோ திருத்தாமலோ மறுபடி நிறைவேற்றினால், அவர் சம்மதிக்கலாம். இல்லையேல் இரண்டாம் தடவை நிறைவேறி ஒரு மாதத்துக்குள் நியதிச்சட்டம் ஜனாதிபதி ஊடாக உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அரசியலமைப்புக்கு முரணில்லை என்று தீர்ந்தால் சம்மதம் கட்டாயம். ஆனால் முதற்கட்டத்தில் இயன்றளவு விரைவில் திருப்ப வேண்டும் என்பதோடு சரி, நாட்கணக்கு இல்லை. ஆளுநர் சம்மதிக்கவும் இல்லை, திருப்பவும் இல்லை என்றால் நியதிச்சட்டம் அப்படியே கிடக்கும். மக்கள் தேர்ந்தெடுத்த சபைக்கு இது சின்ன விஷயமல்ல.

தமிழ், சிங்கள வாசகங்களை ஒப்பிட்டாயிற்று. பொது நூலகத்தில் சட்ட அறிக்கைகளையும் புரட்டியாயிற்று. தெரிந்த சட்டத்தரணிகள் ரிட் மனு (கடமையைச் செய்யும்படி நீதிமன்றம் கட்டளையிடக் கோரும் மனு) போடலாம் என்கிறார்கள். தீர்ப்பு எதையும் காட்டவில்லை. மாநில ஆளுநரின் சம்மதம் பற்றிய இந்திய அரசியலமைப்பின் 200ஆம் உறுப்புரைத் தீர்ப்புகள் உதவாது, வாசகமே வேறு.

இந்த முதற்கட்டத் தாமதத்தை இலங்கை நீதிமன்றம் ஏதாவது விசாரித்திருந்தால், வழக்கின் பெயரும் ஆண்டும் யாருக்காவது தெரியுமா?